மலையா, வயலா, கடலா, உப்பளமா? மருந்து ஆய்வுக்கு நெல்லைச் சீமையில் எதை எடுப்பது

முதுகலை முடிக்கப்போகும் வேதியியல், தாவரவியல் மாணவர்கள், பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கிறவர்கள், முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் என்று பலரும் அனுப்பும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். "இயற்கைப் பொருளிலிருந்து புது மருந்தோ, உடலுக்குள் வைக்கத்தக்க புதுப் பொருளோ தேடும் ஆய்வில் இறங்க ஆசை. எதில் தொடங்கட்டும்?"

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். மேற்கே பொதிகை மலை, நடுவில் கரிசலும் செம்மண்ணும், கிழக்கே மன்னார் வளைகுடா, கரையோரம் உப்பளம். காலையில் பாபநாசத்தில் கிளம்பினால் மதியத்துக்குள் தூத்துக்குடி போய்விடலாம். எல்லாம் பக்கத்தில் இருப்பதாலேயே எதையும் எடுக்கலாம் என்று தோன்றும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்கும் கைக்குக் கிடைக்கும் என்பதற்கும் நடுவே நிறைய இருக்கிறது. அதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: இரண்டாவது கிலோ கிடைக்குமா? முதல் கிலோ யாருக்கும் கிடைத்துவிடும். அதில் ஏதோ ஒரு வினை தெரிந்தால், அதே பொருளை அதே தரத்தில் மறுபடியும் எடுத்து, பிரித்து, கட்டமைப்பைக் கண்டு, செல்லிலும் விலங்கிலும் சோதிக்க வேண்டும். ஜப்பானில் ஒரு கடற்பஞ்சிலிருந்து ஹாலிகோண்ட்ரின் பி என்ற மூலக்கூறைப் பிரித்தபோது, 600 கிலோ கடற்பஞ்சுக்குக் கிடைத்தது 12.5 மில்லிகிராம். 1986இல் அறிவித்தார்கள். அதன் முழு வேதித் தயாரிப்பு 1992இல் ஹார்வர்டில் முடிந்தது. மூலக்கூறின் பாதியை மட்டும் எளிமையாக்கிச் செய்த எரிபுலின், மார்பகப் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2010இல். நடுவே ஓடிய 24 ஆண்டில் பெரும்பகுதி "பொருள் போதவில்லை" என்ற ஒரே சிக்கலோடு நடந்த போராட்டம்.

இரண்டாவது, அனுமதி. புலிகள் காப்பகத்திலும் கடல் தேசியப் பூங்காவிலும் ஓர் இலையை எடுக்கக்கூட எழுத்தில் அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் தனி. ஆய்வு மட்டும் செய்யும் இந்தியக் குடிமகனை அது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. காப்புரிமை, வெளிநாட்டுக் கூட்டாளி என்று வந்துவிட்டால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் கதவைத் தட்டியாக வேண்டும்; வணிகம் என்றால் மாநில பல்லுயிர் வாரியத்திடம் போக வேண்டும்.

மூன்றாவது, ஏற்கனவே கண்டதையே திரும்பக் கண்டுபிடிக்கும் ஆபத்து. நான்காவது, அந்தப் பொருளைப் பற்றிய அறிவு யாருடையது என்ற கேள்வி. ஐந்தாவது, உங்கள் கல்லூரியில் இருக்கும் கருவியும் உங்களிடம் இருக்கும் காலமும். முதுகலைத் திட்டத்துக்கு ஆறு மாதம், முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டு. இந்த இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

## பொதிகை மலை மூலிகை

மனத்தை முதலில் இழுப்பது இதுதான். அகத்தியர் மலை என்று சொன்னாலே மூலிகை என்று நினைக்கிற ஊர் நம்முடையது. இழுப்பதற்குக் காரணமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் தாவர வளம் மிகுந்த பகுதிகளில் இது ஒன்று. யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் 2016இல் சேர்ந்தது.

ஆரோக்கியப்பச்சையின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. 1987இல் மலையின் கேரளப் பக்கம் ஓர் ஆய்வுக்குழு ஏறியது. வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி மக்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டபோது தயங்கித் தயங்கித்தான் செடியைக் காட்டினார்கள். திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்து, அந்தச் செடியின் இலையோடு வேறு மூன்று மூலிகைகள் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தபோது கிடைத்த பத்து லட்சம் ரூபாயிலும், விற்பனையில் வந்த 2 சதவீத உரிமத்தொகையிலும் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கினார்கள். 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்க இதைப் பேசினார்கள்.

பேசப்பட்ட அளவுக்கு வேலை நடக்கவில்லை. இலை தொடர்ந்து கிடைக்கவில்லை. செடியைக் காட்டின் நிழலுக்கு வெளியே வளர்த்தால் குணம் மாறுகிறது என்ற சிக்கல் ஒரு பக்கம், காட்டிலிருந்து திருடுவார்கள் என்று வனத்துறை போட்ட கட்டுப்பாடு இன்னொரு பக்கம். இரண்டாவது கிலோ இங்கேயும் காலை வாரியது.

நம் பக்கம் வருவோம். களக்காடு முண்டந்துறை 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மையப் பகுதி மட்டும் சுமார் 895 சதுர கிலோமீட்டர். காரையாறு, சேர்வலாறு பக்கம் காணிக் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்த செடியைப் பறித்து வந்து ஆய்வு செய்தேன் என்று எழுதினால், அந்தக் கட்டுரையே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு காட்டுக்கு. நோத்தபோடைட்டஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட ஒரு மரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காம்ப்டோதெசின் என்ற மூலக்கூறை 1966இல் ஒரு சீன மரத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். 1972இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அதிலிருந்து இரினோடெகான், டோபோடெகான் என்ற புற்றுநோய் மருந்துகள் பிறந்தன. நோயாளிகளுக்கு அது பெரிய நன்மை. மரங்கள் மட்டும் மலை நெடுகிலும் வெட்டுப்பட்டன. நல்ல செய்தியை வெளியிடும் நாளிலேயே அந்தச் செடிக்கு ஆபத்து தொடங்குகிறது என்பதை மலையைத் தேர்ந்தெடுக்கிறவர் ஏற்றுக்கொண்டே இறங்க வேண்டும்.

யாருக்கு இது சரி? ஐந்தாண்டு காலம் உள்ளவருக்கு. வனத்துறை அனுமதியும் காட்டு ஆய்வில் அனுபவமும் உள்ள நிறுவனம் ஒன்றின் கீழ் சேரக்கூடியவருக்கு. காணி மக்களிடம் தகவல் வாங்கினால் ஒப்புதலையும் பங்கையும் முதல் நாளே எழுத்தில் வைக்கத் தயாராக இருப்பவருக்கு. முதுகலைத் திட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். அனுமதி வருவதற்குள் தேர்வு வந்துவிடும்.

## வயலில் விளையும் மூலிகை

இதில் கவர்ச்சி குறைவு. பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

நிலாவரையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக மருந்துச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரிலேயே போகும் இலை. நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் விளைகிறது. மலச்சிக்கலுக்கான மருந்தாக உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. உலர்ந்த இலையில் மலமிளக்கும் மூலக்கூறான செனோசைடு சுமார் 2 முதல் 3 சதவீதம். ஒரு கிலோ இலை வாங்கினால் கிராம் கணக்கில் பொருள் கையில் இருக்கும். ஹாலிகோண்ட்ரினின் மில்லிகிராமோடு இதை வைத்துப் பாருங்கள்.

"அதுதான் எல்லாருக்கும் தெரிந்ததாயிற்றே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். செனோசைடு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அதன் மூலக்கூறில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருப்பதால் வயிற்றிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் கடந்து போகிறது. பெருங்குடலை அடைந்ததும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெட்டி அதை ரெயின் ஆந்த்ரோனாக மாற்றுகின்றன. அப்போதுதான் மருந்து விழிக்கிறது. வேண்டிய இடத்தில் மட்டும் திறக்கும் மருந்துக்கு இந்தச் செடி ஒரு வழியைக் காட்டிவிட்டது. இதே முறையில் ஸ்டீராய்டு மருந்தோடு சர்க்கரையை இணைத்து, பெருங்குடல் அழற்சிக்குக் கொண்டுபோக முடியுமா என்று 1980களில் அமெரிக்காவில் சோதித்தார்கள். இயற்கைப் பொருளிடமிருந்து மூலக்கூறை மட்டுமல்லாமல் அதன் உத்தியையும் எடுத்துக்கொள்ளலாம். நெல்லையில் ஒரு மருந்தியல் மாணவர் இந்த வழியைத் தொடர்ந்தால் இலை தேடி அலைய வேண்டியதில்லை.

நித்தியகல்யாணியும் இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் விளைகிற செடிதான். நீரிழிவுக்கு நாட்டு மருந்து என்று கேள்விப்பட்டு 1950களில் கனடாவில் நோபிளும் பியரும் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதன் உறவான வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. இங்கே அளவுதான் சிக்கல். ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். 2022இல் ஈஸ்ட்டுக்குள் அந்தத் தயாரிப்புப் பாதையைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தேர்வின் மறைசெலவு, தவறான வெற்றி. இலைச்சாறு எடுத்து, தட்டில் பாக்டீரியா வளர்த்து, பாக்டீரியா வளராத வளையம் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்று அளந்து முடிக்கும் திட்டங்கள் நம் கல்லூரிகளில் மலைபோல் குவிந்திருக்கின்றன. டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள எந்தச் சாறும் ஏதாவது ஒரு வளையம் காட்டும். மஞ்சளின் குர்குமின் எத்தனையோ சோதனைக் குழாய்களில் நல்ல பெயர் வாங்கியது. 2017இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு, அது பல சோதனைகளில் குறுக்கிட்டுப் பொய் விடை தரும் மூலக்கூறு என்றும், முறையான மருத்துவச் சோதனை எதிலும் உறுதியான வெற்றி பெறவில்லை என்றும் காட்டியது. ஆகவே வளையத்தோடு நிற்கப்போகிறீர்கள் என்றால் இந்தத் தலைப்பை எடுக்காதீர்கள்.

சித்த மருத்துவம் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீன ஆய்வாளர் து யூயூ மலேரியாவுக்கு ஆர்டெமிசினினைக் கண்ட வழியைப் படியுங்கள். கொதிக்க வைத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று அவர் ஊகித்து, சுமார் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். 2015இல் நோபல் பரிசு. நம் நூல்களில் மூலிகையின் பெயரோடு பறிக்கும் காலம், அரைக்கும் விதம், ஊறும் நேரம் எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிடும் ஆய்வுதான் நம்மிடம் அதிகம். பக்குவத்தையே கருதுகோளாக எடுக்க, சித்த நூலின் மொழியும் அறிவியலின் மொழியும் தெரிந்த உங்களைவிடத் தகுதியானவர் யார்?

## கடலும் கடலோரக் கழிவும்

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடலுக்குள் இருக்கும் உயிர்கள் ஒன்று, கரைக்கு வந்துவிட்ட ஓடும் தோலும் இன்னொன்று.

உயிர்களைப் பொறுத்தவரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா. பவளத்தைத் தொட முடியாது. கடல் அட்டைக்கு 2001 முதல் தடை. கடற்பஞ்சுக்கு மேலே சொன்ன 600 கிலோ கதை. ஆனால் கூம்புச் சங்கு வேறொரு பாதையைக் காட்டுகிறது. அதன் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு என்ற வலிமருந்து 2004இல் அனுமதி பெற்றது. வெறும் 25 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதத் துண்டு. இப்போது ஒரே ஒரு சங்கின் நஞ்சுச் சுரப்பியிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து வரிசைப்படுத்தினால் அதிலுள்ள துண்டுகளின் பட்டியலே கிடைத்துவிடும். வேண்டியதை ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். இரண்டாவது கிலோவே தேவைப்படாத வழி இது. வரிசைப்படுத்தும் செலவும் கணினி அறிவும்தான் விலை.

கழிவுக்கு வருவோம். இந்தச் சீமையில் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு இதுதான்.

தூத்துக்குடி ஏற்றுமதிக் கூடங்களில் இறால் தோலும் நண்டு ஓடும் தினமும் சேர்கின்றன. அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கினால் மிஞ்சும் நார்ப்பொருள்தான் கைட்டின். அதை 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தில் பல காலமாக உழைத்து வருகிறது. கைட்டோசானில் நேர்மின்னேற்றம் இருப்பதால் எதிர்மின்னேற்றம் கொண்ட ரத்தச் சிவப்பணுக்கள் அதில் ஒட்டித் திரள்கின்றன. ரத்தம் பீறிடும் காயத்தை அடைக்கும் கட்டுத்துணியாக 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் இதைப் போர்க்களத்துக்கே கொண்டுபோனது.

ஊசிக்கணவாயின் உடம்புக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய தண்டை யாரும் கவனிப்பதில்லை. அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. அமிலத்தில் கழுவும் படியே பெரும்பாலும் தேவைப்படாது. அதிலுள்ள கைட்டினின் சங்கிலி அடுக்கும் வேறு மாதிரி, எளிதில் வினைபுரியும். சிறிய ஆய்வகத்துக்கு இது நண்டு ஓட்டைவிட நல்ல தொடக்கம்.

அப்புறம் ஓட்டுக்கணவாயின் ஓடு. மணப்பாடு, உவரி பக்கம் கரையில் ஒதுங்கும் வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேட்டால் கிடைக்கும். உள்ளே மெல்லிய அறைகள் அடுக்கடுக்காக இருக்கும். பவளத்தின் நுண்துளை அமைப்பைக் கெடுக்காமல் எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றலாம் என்று 1974இல் ராயும் லினஹானும் காட்டினார்கள். பவளம் நமக்கு ஆகாது. கணவாய் ஓட்டுக்கு அதே வழி பொருந்துகிறது. பாஸ்பேட் கரைசலில் போட்டு மூடிய உலையில் சுமார் 200 டிகிரியில் வைத்தால் அறைகள் அப்படியே இருக்க, பொருள் மாறிவிடும். உடைந்த எலும்பு வளர்ந்து ஏறுவதற்கு ஒரு சாரம் தயார். ஆறு மாதத் திட்டத்துக்கு இதைவிடக் கச்சிதமான ஒன்று இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

மறைசெலவு இங்கேயும் உண்டு. காரக் கழிவுநீரைக் கல்லூரிச் சாக்கடையில் விட முடியாது. ஒவ்வொரு தொகுதி ஓட்டுக்கும் கைட்டோசானின் தன்மை மாறும். அதை அளந்து எழுதாத கட்டுரைக்கு மதிப்பில்லை. ஓட்டில் பாக்டீரியா நச்சு தங்கியிருந்தால் புண்ணில் வைக்கவே கூடாது. காயத்துக்கு என்று விற்க நினைத்தால் 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் வரும், உடல் ஏற்புச் சோதனைகள் வரும். அந்தச் சோதனைகளில் நீண்ட அனுபவம் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் திருவனந்தபுரத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி. வேதியியல், பொருள் அறிவியல் படித்தவர்கள், உயிரியல் கூட்டாளி ஒருவர் கிடைத்தால், யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

## உப்பளத்து நுண்ணுயிர்

புதிய மூலக்கூறுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்பவருக்கு நுண்ணுயிரே வழி. ஜப்பானில் ஒமுரா என்ற ஆய்வாளர் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த பிடி மண்ணில் கிடைத்த ஒரே பாக்டீரியாவிலிருந்து அவெர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து வந்தது. இரண்டாவது கிலோவுக்கு அந்த மண்ணுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை, தொட்டியில் வளர்த்தால் போதும்.

சாதாரண வயல் மண்ணில் தேடினால் ஸ்ட்ரெப்டோத்ரைசின் போன்ற பழைய மருந்துகளே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். தூத்துக்குடி உப்பளங்களில் தண்ணீர் செந்நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணமான உப்பு விரும்பி உயிர்கள் வேறு உலகத்தவை. ஸ்பெயின் உப்பளத்தில் கண்ட ஹாலோஃபெராக்ஸ் என்ற உயிர் தன் உடலுக்குள் மக்கும் பிளாஸ்டிக்கைச் சேமிக்கிறது. அடர்ந்த உப்பில் வேறு கிருமி எளிதில் புகாது. நல்ல தண்ணீரில் போட்டால் செல் வெடித்துப் பொருள் வெளியே வந்துவிடும். இந்த வகைப் பொருள் ஒன்றில் செய்த அறுவைத் தையல் நூல் 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செலவுகள்: உப்பு எஃகுத் தொட்டியை அரிக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளமே கரைந்துபோகும், மாதிரி எடுப்பதை அதற்கு முன் முடிக்க வேண்டும். சேமித்த உயிர் மின்தடையில் செத்தால் ஆய்வும் போச்சு. அதனால் கிடைத்த உடனே ஒரு பிரதியைச் சண்டிகரில் உள்ள தேசிய நுண்ணுயிர்ச் சேமிப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

## பதிவு செய்வதற்கு முன்

இன்னும் இரண்டு மூன்றுக்குள் ஊசலாடுகிறவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். நினைத்திருக்கும் பொருளை ஒரே இடத்திலிருந்து இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவை, முறையான வழியில் வாங்குங்கள். இரண்டையும் ஒரே மாதிரி பதப்படுத்தி எச்.பி.எல்.சி. (சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி) படம் எடுங்கள், ஓடு, பிளாஸ்டிக் போன்ற பொருளானால் எக்ஸ்-கதிர் படமும் அகச்சிவப்புப் படமும் எடுக்க வேண்டும். கல்லூரியில் கருவி இல்லாவிட்டால் சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாம். இரண்டு படமும் ஒத்துப்போனால் தலைப்பைப் பதிவு செய்யுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று வழிகாட்டியோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டாவது தடவை பொருளே கிடைக்கவில்லை என்றால் தலைப்பை மாற்றிவிடுங்கள். அதுவரை ஆன செலவு இரண்டு மாதமும் கொஞ்சம் பணமும்தான்.